சிஐடி அக்காவின் தட்டு கேஸ்

தலைவலி வந்தால் மாத்திரை தேடாமல் தலைவலியையே விசாரணைக்கு உட்படுத்தும் மனுஷி இந்தப் பாரத தேசத்தில் ஒருவர்தான் உண்டு. எங்கள் சிஐடி அக்கா.

நொய்டாவில் ஓர் ஆன்லைன் கவுன்சலிங் கம்பெனியில் நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது அக்கா அங்கே சீனியர். அதற்கு முன் ஜெயில் ஜெயிலாகப் போய்த் திருடர்களைப் பேட்டி கண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்த ஆராய்ச்சியை அப்படியே லேப்டாப்புக்குள் இறக்கிவிட்டார். மற்ற கவுன்சலர்கள் மனசு எப்படி இருக்கிறது என்று குழைவார்கள்; அக்கா, சம்பவம் எங்கே நடந்தது என்று ஆரம்பிப்பார். டயட்டை மீறிக் குலாப் ஜாமூன் தின்ற பெண்மணியிடம் ஃபிரிட்ஜை வீடியோவில் திறந்து காட்டச் சொல்லி, ஜாமூன் டப்பாவை முருங்கைக்காய்க்குப் பின்னால் சிறை வைத்தார்.

காரணம் கேட்கவே மாட்டீர்களா என்றேன்.

"ஏட்டி, ஏன் செஞ்சேன்னு கேட்டா திருடன் கதை வுடுவான். எப்பம், எங்க, எப்படின்னு கேளு. உள்ளதச் சொல்லிருவான்."

அப்போதுதான் தட்டுக்காரர் வந்தார். பெயர் வேண்டாம்; ஆனால் இதை எழுதச் சொன்னதே அவர்தான். கோபம் வந்தால் சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் எறிவார். இன்னும் ஒரு தட்டு பறந்தால் குழந்தையோடு திருச்சிக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்று மனைவி சொல்லிவிட்டார். வீட்டில் தனியிடம் இல்லாததால் அடுக்குமாடி சொசைட்டி பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்துதான் எங்களோடு பேசுவார். செக்யூரிட்டிக்காரன் அடிக்கடி கண்ணாடியைத் தட்டி, சாருக்கு உடம்பு சரியில்லையா என்பான்.

மனைவி கடைக்குப் போன ஒரு நாள் அக்கா ஸ்தல விசாரணை நடத்தினார். மனிதர் போனை ஏந்தியபடி, லிஃப்ட்டிலிருந்து சாப்பாட்டு மேஜை வரை நடந்ததை அப்படியே நடித்துக் காட்டினார். செருப்பை எங்கே கழற்றினீர்கள் என்பதுவரை கேள்வி. முடிவில் பிடிபட்டது இது: எல்லாத் தட்டும், காலிவயிற்றோடும் காதில் ஆபீஸ் போனோடும் வீட்டுக்குள் நுழைந்தவுடனேயே பறந்திருக்கின்றன.

"அப்ப பசிதான் குற்றவாளியா மேடம்?" தட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம்.

"பசி சந்தர்ப்பம். எறிஞ்சது உங்க கை."

தீர்ப்பு: வீட்டுக்கு ஏறும் முன் கீழேயே வாழைப்பழம், ஆபீஸ் போன் ஆஃப், அதற்கும் அடங்காவிட்டால் மேலே போகாமல் அக்காவைக் கூப்பிட வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாங்கள் கிளம்பும் நேரத்தில் அழைப்பு. காருக்குள் தட்டுக்காரர்.

"பழம் சாப்டாச்சு மேடம். இன்னும் கோவம் போகல. இப்ப மேல போனா எறிஞ்சிடுவேன். அதான் இங்கயே உக்காந்துட்டேன்."

கேள்விகளை மூட்டையாக வைத்திருக்கும் அக்கா ஒன்றுகூடக் கேட்கவில்லை.

"அச்சா. லேட்டாவும்னு வீட்டுல சொல்லிட்டு உக்காருங்க. நானும் உக்காந்திருக்கேன்."

சொன்னபடியே அக்காவும் உட்கார்ந்திருந்தார். டிராபிக், மேனேஜர், மழை என்று ஏதேதோ பேசி, அந்த மனிதர் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்த பிறகுதான் மேலே அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் மெசேஜ்: 'சாப்பிட்டோம். தட்டைக் கழுவி வைத்துவிட்டேன்.'

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன திருடங்கள பார்த்திருக்கேன். திருடப் போறதுக்கு முன்னாடி ஒருத்தன்கூட எனக்கு போன் பண்ணலையேட்டி."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மெட்ரோ வரைக்கும் அவர் பையை நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். மற்ற நாட்களில் அதைத் தொடவே விடமாட்டார்.