அல்வாவோடு ஓடியவர்

இந்த ஜென்மத்தில் இனி வாக்கிங் போவதில்லை என்று நல்லசிவம் முடிவெடுத்துவிட்டார். முடிவெடுப்பது சுலபம். அதைப் பெண்டாட்டி இசக்கியம்மாளிடம் போய்ச் சொல்லத்தான் தைரியமான ஆள் வேண்டும்.

நல்லசிவத்துக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் ஷட்டர் இறக்கும்போதுதான் எழுந்திருப்பார். நடுவில் எழுந்தார் என்றால் நாற்காலி உடைந்திருக்கிறது என்று அர்த்தம். சர்க்கரை ஏறியது. டாக்டர் நடக்கச் சொன்னார். டாக்டர் சொன்னதை மறந்துவிடலாம். அது இசக்கியம்மாள் காதில் விழுந்ததுதான் வினை. அன்றிலிருந்து கோபாலபுரம் வீட்டில் விடிந்தும் விடியாமலும் ஃபேன் நின்றுவிடும்.

“ஏங்க, எந்திரிங்க. நடக்கப் போகலியா?”

“கால் வலிக்கு இசக்கி.”

“எந்தக் கால்?”

“ரெண்டும்.”

“நடக்காமலே எப்படி வலிக்கு?”

“நடக்கணுமேன்னு நெனச்சேன். அதுக்கே வலிக்கு.”

“உங்கப்பாவும் இப்படித்தான், நாளைக்கு நாளைக்குன்னே சொல்லிக்கிட்டு இருந்தாவ...” என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். அப்பாவைக் கொண்டுபோனதும் சர்க்கரைதான். அந்த முடிக்காத பேச்சு நல்லசிவத்தை எங்கோ குத்தியது. குத்தாத பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே கூட்டாளி அல்வா. கடைக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்து, அவர் தூக்கிவந்த நாட்டு நாய். நெய்யில் முக்கி எடுத்த மாதிரி பளபளவென்று பழுப்பு நிறம். திருநெல்வேலிக்காரருக்குத் தின்னத்தான் கொடுத்து வைக்கவில்லை, வாய் நிறையக் கூப்பிடவாவது செய்யலாம் என்று வைத்த பெயர்.

ஒருநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பத்ரிநாராயணன் காம்பவுண்டு சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

“ஓய், பெருங்குடியில நாய்க்கெல்லாம் தடை தாண்டி ஓடக் கத்துத் தராளாம். கம்பி தாண்டறது, குழாய்க்குள்ள பூந்து வர்றது, கம்பத்துக்கு நடுவுல வளைஞ்சு ஓடறது, சீசா பலகையில ஏறி இறங்கறது... போட்டியெல்லாம்கூட நடக்கறது. நம்ம அல்வாவைச் சேத்து விடுமேன்.”

“நாய்தான் ஓடணுமா?”

“பின்னே, நீரா ஓடுவீர்?”

நல்லசிவத்தின் மூளைக்குள் ட்யூப்லைட் இரண்டு தடவை மினுக்கிவிட்டுப் பளிச்சென்று எரிந்தது. நாய் ஓடும். அவர் மர நிழலில் உட்கார்ந்து மசால்வடை தின்பார். ‘கிரவுண்டுக்குப் போயிட்டு வந்தேன்’ என்று வீட்டில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம். அதில் பொய்யும் கிடையாது.

“இசக்கி, இனிமே ஞாயித்துக்கிழமை காலையில நானும் அல்வாவும் கிரவுண்டுக்குப் போறோம்.”

“சரிங்க. அவனை நல்லபடியா பாத்துக்கோங்க.”

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மனம் மசால்வடையில் இருந்தது.

பெருங்குடி மைதானத்தில் பயிற்சி கொடுப்பவள் ஜான்சி. நொச்சிக்குப்பத்துப் பெண். கழுத்தில் விசில், காலில் ஷூ, கண்ணில் மட்டும் கலெக்டர் பார்வை. நல்லசிவம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

“இன்னா சார் குந்திக்கினு கீறீங்க? உள்ள வாங்க.”

“நீங்க ஆரம்பிங்கம்மா. நான் இங்கருந்தே பாக்குதேன்.”

“பாத்தா எப்டி சார்? எந்தக் கம்பி முதல்ல, எந்தக் குழாய் அப்பால வரும்னு நாய்க்கு இன்னா தெரியும்? போட்டிக்குப் போட்டி வரிசைய மாத்துவாங்க. நீங்கதான் கூடவே ஓடிக் கை காட்டணும்.”

“கயித்தப் புடிச்சுக்கிட்டு மெதுவா...”

“கயிறு கெடையாது, பிஸ்கட் கெடையாது. உங்க காலு, கையி, வாயி, அவ்ளோதான்.”

இந்த மூன்றில் நல்லசிவத்திடம் நல்ல நிலைமையில் இருந்தது வாய் மட்டும்தான்.

ஓடினார். அல்வா பறந்தது. அவர் பின்னால் உருண்டார். “வலது, வலது!” என்று கத்தினார். நாய் நட்டநடு மைதானத்தில் உட்கார்ந்து அவரையே பார்த்தது.

“அது கரெக்டாத்தான் கீது சார். உங்க வாய் வலதுன்னுது, தோள் இடது பக்கம் திரும்புது. பாவம், அது யார நம்பும்?”

வீட்டுக்கு வந்ததும் இசக்கியம்மாள் கேட்டாள்: “எப்படிங்க போச்சு?”

“பிரமாதம். நாய்தான் கொஞ்சம் மக்கு.”

அல்வா எழுந்து போய் வேறு அறையில் படுத்துக்கொண்டது.

பெருமை அடித்தாகிவிட்டது, இனிப் பின்வாங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பத்தாமல் தினமும் காலையில் மொட்டைமாடியில் தண்ணீர்க் குடங்களை நிறுத்தி, அவற்றுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓடினார். கால் வலி எப்போது போனது என்றே தெரியவில்லை. கடையில் மாடிப்படி ஏறிப் பட்டுப்புடவையை அவரே எடுத்துக் காட்டினார். ஊழியர்கள் பயந்துபோனார்கள்.

அடையாறில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் போட்டி. இசக்கியம்மாளும் பத்ரிநாராயணனும் எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். நல்லசிவம் பேன்ட் போட்டுக்கொண்டு இறங்கினார். விசில் ஒலித்தது. முதல் கம்பி தாண்டியாயிற்று. இரண்டாவதும் தாண்டியாயிற்று. தோளும் வாயும் ஒரே கட்சியில் இருந்தன. “ஓய், பேஷ்!” என்று பத்ரி கத்தினார்.

அப்போதுதான் பேன்ட் நழுவியது.

போன தீபாவளிக்குத் தைத்தது. அன்றைக்கு அதை நிரப்பிய தொப்பை இன்றைக்கு ஆளில் இல்லை. நல்லசிவம் இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை காட்டக் கையில்லை. அல்வா நின்றது. அவரைப் பார்த்தது. பிறகு சுற்றுமுற்றும் பார்த்தது.

“அல்வா, குழாய்!”

இசக்கியம்மாளின் குரல். கயிற்றுக்கு அந்தப் பக்கம் முந்தானையை இடுப்பில் செருகி, தோளைத் திருப்பி, கையை நீட்டி நின்றாள். நாய் அம்பு மாதிரி குழாய்க்குள் பாய்ந்தது. “கம்பம்!” வளைந்து வளைந்து வந்தது. “பலகை!” ஏறி இறங்கியது. ஒரு தப்பில்லை. மைதானமே கைதட்டியது. வெளியாள் கை காட்டியதால் ஆட்டம் செல்லாது என்று அறிவித்தார்கள்.

நல்லசிவம் இடுப்பைப் பிடித்தபடியே அவளிடம் வந்தார்.

“உனக்கு எப்படி இதெல்லாம்...?”

பத்ரிநாராயணன் திடீரென்று வானத்தில் எதையோ பார்க்க ஆரம்பித்தார்.

“நீங்க கடைக்குப் போனப்புறம் நான்தான் அவனை ஜான்சிகிட்டக் கூட்டிட்டுப் போவேன். போன வருசமே எல்லாம் படிச்சு முடிச்சிட்டான்” என்றாள் இசக்கியம்மாள்.

“அப்ப இத்தனை நாள் நான் ஓடுனது?”

“அது உங்க படிப்பு.”

“பத்ரி வந்து சொன்னது?”

“நான் சொல்லச் சொன்னது. நான் நேரா சொல்லி நீங்க என்னைக்குக் கேட்டிய?”

திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா கொடுத்துவிட்டாள்! நல்லசிவத்துக்குக் கோபம் தொண்டை வரைக்கும் வந்தது. அவளோ அவர் இடுப்பில் தொளதொளவென்று நின்ற பேன்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. முந்தானை ஊக்கைக் கழற்றி, குனிந்து பேன்ட்டை இறுக்கிக் குத்திவிட்டாள். “உங்கப்பாவுக்கும் யாராவது இப்படி ஒரு வழி பண்ணியிருக்கலாம்” என்று மெல்ல முணுமுணுத்தாள். வந்த கோபம் போன வழி தெரியவில்லை.

ஆனாலும் ஆண்பிள்ளை இல்லையா? நெஞ்சை நிமிர்த்தி, “என்னைக் கேக்காம இனிமே எதுவும்...” என்று ஆரம்பித்தார். அதற்குள் ஜான்சி வந்து, அவர் தலைக்கு மேலாக இசக்கியம்மாளிடம் கேட்டாள்.

“அக்கா, இவர அடுத்த பேட்ச்சுலயும் சேத்துக்கவா?”

“சேத்துக்கோம்மா. வீட்டுல விட்டா சும்மா படுத்தே கிடக்காவ.”