பத்து கம்மி ஐந்நூறு

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன் புதிதாக எதையாவது கற்கத் தொடங்கினால் வீட்டில் இருப்பவர்கள் பயப்பட வேண்டும். என் வீட்டில் யாரும் பயப்படவில்லை. எனக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது, நான்கு மாதம்.

ஆம்பூரில் ஆட்டுத்தோல் பதனிடும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக ஸ்டோர் கிளார்க் நான். ஒருநாள் மானேஜர் கூப்பிட்டார்.

"ஸ்டோருக்கு ரெண்டு பேர் ஜாஸ்தி, தேவராஜ். கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு இருப்பாரு, இன்னொருத்தரு வீட்டுக்குப் போவாரு. மூணு மாசம் டைம்."

ஸ்டோரில் இருந்த இன்னொரு கிளார்க் என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவன். வேலூரில் ஒரு வகுப்பில் சேர்ந்து, திரையில் கட்டம் கட்டமாக எண்களை நிரப்பக் கற்றான். (எண் எழுதக் கட்டம் எதற்கு? ஒன்றாம் வகுப்பா?) நான் பிரவுசிங் சென்டரில் தேடி, இலவசமாகக் கிடைத்த ஹாஸ்கெல் என்னும் கணினி மொழிப் பாடத்தை நூற்றுப்பன்னிரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்தேன். மொழியே கற்பவன் எங்கே, கட்டம் நிரப்புபவன் எங்கே என்று கர்வம்.

முதலில் சின்ன விளையாட்டுகள் எழுதச் சொன்னது பாடம். நினைத்த எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டுக்குப் பதினொரு நாள் ஆனது. அடுத்து எழுதியது பூஜ்யமும் பெருக்கல் குறியும் போடும் ஆட்டம். நானே எழுதிய அதில் நாற்பது முறை நானே தோற்றேன்.

கடைசிப் பாடம், சொந்தமாக ஒரு குட்டி மொழி உருவாக்குவது. தொழிற்சாலைப் பேச்சையே மொழியாக்கினேன். கூட்டலுக்கு ஜாஸ்தி, கழித்தலுக்குக் கம்மி. 'ஐந்நூறு கம்மி இருபது' என்று அடித்தால் நானூற்றெண்பது வரும். நூற்றுப்பதினேழு முறை சோதித்தேன். ஒருமுறைகூடத் தப்பவில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில் மானேஜர் அறையில் செய்து காட்டும் நாள் வந்தது. தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்களின் போர்மேன் அமானுல்லா பாயும் இருந்தார்.

"பாய், இன்னிக்கு டிரம்முல எத்தினி தோலு? எப்பவும் சொல்ற மாதிரியே சொல்லுங்க" என்றேன் பெருமையாக.

"பத்து கம்மி ஐநூறு."

அவர் சொன்ன வரிசையிலேயே அடித்தேன். பத்திலிருந்து ஐந்நூறை ஒழுங்காகக் கழித்து, மைனஸ் நானூற்றுத்தொண்ணூறு என்றது திரை.

பாய் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இன்னா சார் இது? நாமதான் ஆட்டுக்குத் தோல் தரணுமா?"

மானேஜர் சிரித்தார். "ஒரு நிமிஷம் சார்" என்று நான் நிரலைத் திறந்து, பின்னால் வரும் எண்ணிலிருந்து முன்னால் வருவதைக் கழிக்கும்படி மாற்றினேன். ஆறு நிமிடம் பிடித்தது. பாயின் கணக்கு சரியாக வந்தது. மூச்சு விட்டேன்.

"சரி, ஐநூறுல இருபது போனா?" என்றார் மானேஜர்.

கை பழக்கத்தில் ஐந்நூறு கம்மி இருபது என்று அடித்துவிட்டது. மைனஸ் நானூற்றெண்பது.

"ஆடு விட மாட்டேங்குது சார்" என்றார் பாய்.

இந்த முறை மானேஜர் சிரிக்கவில்லை. "எத்தினி தோல் இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சா போதும், தேவராஜ்" என்று பக்கத்தில் இருந்த சின்னவனின் திரைக்குத் திரும்பினார். அங்கே ஒரு கட்டத்துக்குள் 490 என்று இருந்தது.

மறுமாதம் எனக்கு வேலை இல்லை. கடைசி நாள் கேட் வரைக்கும் பாய் கூடவே வந்தார். "நான் நானூத்தித் தொண்ணூறுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம் சார்" என்றார். கண் கலங்கியிருந்தது. இருபத்தாறு வருடத்தில் அவர் எண்ணை அப்படி நேராகச் சொன்னதே இல்லை. அவர் சொன்னதை நானும் ஒருநாள்கூடத் தப்பாக எழுதியதில்லை.

ஏன் சீக்கிரமே வேலையை விட்டேன் என்று உறவினர் யார் கேட்டாலும் என் மனைவிதான் பதில் சொல்வாள்:

"ஊர்ல எத்தினியோ பேருக்குக் கம்ப்யூட்டர் வந்து வேலை போச்சு. இவரு ஒருத்தருதான் அது வர்ற வரைக்கும் காத்திருக்காம, ராப்பகலா படிச்சு, தானே எழுதிப் போக்கிக்கிட்டாரு."

இதுவரை அறுபத்துமூன்று முறை சொல்லியிருக்கிறாள். மருமகன் முன்னால் மட்டும் ஒன்பது.