விரிசல் பார்க்கிறவர்

'கூட்டத்தில் நிற்கிறேன், எனக்கொரு நாற்காலி இல்லை.
எல்லாரும் சிரிக்கும் படத்தில் எடுத்த கையைத் தேட ஆளில்லை.'

ஃபிரிட்ஜ் மேல் கிடந்த தாளை ஓவர்சியர் இரண்டு முறை படித்தார். பாட்டு! அதுவும் மகளின் கணக்குப் பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில். பதினாறு வயதுப் பெண், உலகத்தில் தனக்கு இடமே இல்லை என்று எழுதி வைத்திருக்கிறாள். கையெழுத்தையெல்லாம் உற்றுப் பார்க்க நேரமா இது?

கட்டடங்களில் விரிசல் பார்ப்பது அவர் உத்தியோகம். கண்ணில் பட்டதும் பூசிவிட வேண்டும் என்பார்.

"என்ன பேப்பருங்க அது?" என்று எட்டிப் பார்த்தாள் மனைவி.

"உனக்குப் புரியாது. நகரு, ஸ்க்ரூடிரைவர் எங்க?"

அவளே தேடிக் கொடுத்தாள். மகளின் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தார்.

"அப்பா! டிரஸ் மாத்தணும்பா!"

"நீ தனியா இருக்கக் கூடாது கண்ணு. பாட்டப் படிச்சிட்டேன்."

"எந்தப் பாட்டு? நான் எதுவும் எழுதலையே!"

மறைக்கிறாள்! பக்கத்துத் தெருவிலிருந்த தங்கைக்குப் போன் போட்டார். அவள் கணவரையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள், தாளை வாங்கினாள், முதலில் மார்க் இருந்த பக்கத்தைத்தான் பார்த்தாள்.

"அண்ணா, நூத்துக்குப் பதினொண்ணு!"

ஒரு மாதமாகத் துணி அலமாரியில் ஒளித்து வைத்திருந்த மார்க் அது. மகள் 'ஓ'வென்று அழுதாள்.

"ஐயோ, புள்ள உடைஞ்சிட்டா!" ஓவர்சியரும் அழுதார். "இந்த வீட்டுல எல்லாருக்கும் இடமிருக்குன்னு அவளுக்குக் காட்டணும். வாங்க, குடும்பமா ஒரு போட்டோ எடுப்போம்!"

இருந்த நான்கு நாற்காலிகளையும் வரிசையாகப் போட்டார். தங்கை, தங்கை கணவர், விசும்பிக்கொண்டே மகள், அவள் தோளில் கை போட்டபடி அவர். நால்வருக்கும் காபி கொண்டுவந்த மனைவியிடம் போனை நீட்டினார்.

"நீ எடு. எல்லாரும் விழணும்."

"சிரிங்க" என்றாள் மனைவி. சிரித்தார்கள். எடுத்தாள்.

படம் நன்றாகவே வந்திருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் கையை நீட்டினாள்.

"அந்தப் பேப்பரக் கொடுங்க. கடைசி ரெண்டு வரி இப்பத்தான் கிடைச்சுது."