மலைக்குப் போன பட்டுப்புடவை

மூட்டையின் மேல் யாரும் பெயர் எழுதக் கூடாது என்று பாஸ்டர் அறிவித்ததும் செந்தமிழ்ச்செல்விக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

கள்ளக்குறிச்சியில் அவர்கள் சபை, வருஷாவருஷம் கிறிஸ்துமஸுக்குக் கல்வராயன் மலையில் ஒரு கிராமத்துக்குத் துணிமணி கொண்டுபோகும். கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். போன வருஷம் எதிர்வீட்டுச் சந்தியாவுக்கு இருபது போர்வை, செந்தமிழ்ச்செல்விக்கு இரண்டு புடவை. அந்த ‘இரண்டை’ மட்டும் மைக் கூடுதலாக இரைந்து சொன்னதாக அவளுக்கு இன்னமும் சந்தேகம். அதனால் இந்த வருஷம் இருபத்தைந்து போர்வை வாங்கிக் கட்டி வைத்திருந்தாள். இப்போது பார்த்தால் பெயரே கிடையாதாம். கொடுப்பது கர்த்தருக்குத் தெரிந்தால் போதுமாம்.

கர்த்தருக்குத் தெரியும், சரி. சந்தியாவுக்கு யார் சொல்வது?

இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்க்கும் பச்சையம்மாளிடம், எதிர்வீட்டு மூட்டை எவ்வளவு பெரிசு என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள்.

"எனுக்கு இன்னாக்கா தெரியும்," என்றாள் பச்சையம்மாள், கையிலிருந்த குக்கரைப் பார்த்தபடி. "முப்பது போர்வ இருக்கும். புள்ளைங்களுக்கு சொட்டர் வேற."

அன்று சாயந்தரமே செந்தமிழ்ச்செல்வி கடைவீதிக்கு ஓடினாள். போர்வை முப்பத்தைந்தானது. ஸ்வெட்டர்களும் வந்தன. மூட்டையைப் பிரித்துப் பச்சையம்மாள் கண்ணில் படும்படி வைத்தாள். சேதி எதிர்வீட்டுக்குப் போகட்டும் என்றுதான். போனது. மறுநாள் காலையில் பதிலும் வந்தது: அங்கே செருப்பும் சேர்ந்துவிட்டது.

இவள் செருப்பு வாங்கினாள். அங்கே டார்ச் லைட். இவள் டார்ச் லைட் வாங்கினாள். அங்கே வீட்டுக்காரருடைய குளிர்ச்சட்டை. இவள் கணவர் ஜெயப்பிரகாஷின் குளிர்ச்சட்டையும் தன் சால்வையும் மூட்டைக்குள் போயின.

சட்டையைத் தேடி அலுத்த ஜெயப்பிரகாஷ், "நாம தர்மம் பண்றமா, வூடு காலி பண்றமா?" என்று கேட்டார். அவள் மூட்டைக்கு இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

இருபத்து மூன்றாம் தேதி, ஊருக்குப் போக லீவு கேட்ட கையோடு பச்சையம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அந்தக்கா புதுப் பட்டயே எடுத்து வெச்சிட்டாங்கக்கா. நாளான்னிக்கு கோயிலுக்கு நூல் பொடவதானாம்."

செந்தமிழ்ச்செல்வி போய்ப் பீரோவைத் திறந்தாள். உள்ளே அவளுடைய அரக்குப் பட்டு இருந்தது. கிறிஸ்துமஸ் காலையில் சபை முன்னால் வேதபாடம் வாசிக்கப்போவது அவள்தான். அதற்கென்றே ஆறு மாதம் சீட்டுக் கட்டி எடுத்த புடவை. அதை மடியில் வைத்துத் தடவிக் கொஞ்சம் அழுதாள். ஏழைகளை நினைத்து ஒரு சொட்டும் வரவில்லை. சந்தியா முந்திக்கொண்டாளே என்றுதான் அழுகை. பட்டும் மூட்டைக்குள் போனது.

மறுநாள் வேன் வெள்ளிமலையைத் தாண்டுவதற்குள் அவளுக்குப் பல் கிட்டியது. பின் சீட்டில் சந்தியாவும் வெளிறிய புடவையில் நடுங்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க மட்டும் கொஞ்சம் இதமாக இருந்தது.

கிராமத்தில் இறங்கி, பாஸ்டர் ஜெபம் செய்து, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கொடுத்து முடித்தபோது சந்தியாதான் முதலில் வெடித்தாள்.

"உங்களாலதான்க்கா நான் நாளைக்குப் பட்டு இல்லாம நிக்கப் போறேன்."

"என்னாலயா? நீ வெச்சன்னுதான நான் வெச்சேன்."

"நீங்க வெச்சிட்டீங்கன்னு சொன்னதாலதான் நானே..."

இருவர் வாயிலும் ஒரே பெயர் வந்து நின்றது. அதற்குள் பின்னாலிருந்து யாரோ இருவர் தோளிலும் ஆளுக்கொரு போர்வையைப் போட்டார்கள். செந்தமிழ்ச்செல்வி முதலில் சந்தியாவின் போர்வையைத்தான் பார்த்தாள். அது கொஞ்சம் கனமாகத் தெரிந்தது. அப்புறம்தான் திரும்பினாள்.

பச்சையம்மாள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா போத்திக்கோங்கக்கா, எங்க ஊருக் குளுரு உங்களுக்குத் தாங்காது. தை மாசம் என் பொண்ணுக்கும் என் தங்கச்சி பொண்ணுக்கும் ஒரே பந்தல்ல கல்யாணம், பட்டு எடுத்துக் குடுத்த நீங்க ரெண்டு பேரும் கட்டாயம் வரணும்."