கடாவின் மெஷினும் மத்தியான அமைதியும்

கதைக்கு முன்னால் ஒரு விடுகதை. நாள் முழுக்கப் புல் மேயும், ஒரு வாய்கூட விழுங்காது. ஊரே கேட்கக் கத்தும், வைத்திருப்பவருக்கு மட்டும் கேட்காது. அது என்ன? பக்கத்து வீட்டில் தோட்டம் இருக்கிற பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் கதையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு காட்டில், காரைப் புதருக்கு அடியில், மரகதம் என்ற முயல் தன் குட்டி அல்லியோடு வளை தோண்டிக் குடியிருந்தது. முயல்களுக்குக் கொம்பு கிடையாது, கூர்நகம் கிடையாது. காதுதான் எல்லாம். நரியின் கால் சருகில் பட்டால் காதில் விழ வேண்டும். விழுந்தவுடன் வளைக்குள் பாய வேண்டும். மரகதம் அல்லிக்குச் சொல்லிக்கொடுத்த படிப்பு அவ்வளவுதான். அதை ஒழுங்காகப் படித்த முயல்கள் கிழடாகிச் செத்தன. மற்றவை அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்துப் புல்வெளி கோதண்டம் என்ற ஆட்டுக்கடாவுடையது. கோதண்டம் ஒருமுறை நகரத்துப் பக்கம் போய், பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் மெஷின் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி வந்தது. கூடவே தன் காதுகளுக்கு மட்டும் தடித்த மூடி ஒரு ஜோடி. அன்றிலிருந்து விடிந்தால் பொழுது சாயும்வரை இரைச்சல்தான். வெட்டிய புல்லை வேலியோரம் குவித்துவிட்டு, கோதண்டம் மூட்டையில் வரும் தீவனத்தைத் தின்றது. புல்லையே தின்றுவிட்டால் இரண்டு வேலையும் முடிந்துவிடுமே என்று ஒரு மைனா கேட்டது. பல்லால் வெட்டினால் ஒரே மட்டமாக வராது என்று கோதண்டம் விளக்கியது.

மெஷின் ஓடும்போது சருகுச் சத்தம் கேட்காது. அதனால் மரகதம் அல்லியை வெளியே விடவில்லை. இருட்டிய பிறகோ காட்டுப்பூனை உலாவும் நேரம். பெட்ரோல் ஊற்றவோ வியர்வை துடைக்கவோ கடா எப்போதாவது நிறுத்தும். அந்தக் கொஞ்ச நேரத்தில் இருவரும் ஓடிவந்து நாலு கடி கடித்துவிட்டு உள்ளே ஓடுவார்கள். அல்லி இளைத்துப்போய் தோலும் காதுமாக இருந்தது.

மரகதம் வேலியருகே போய் நின்று, கடா மூடியைக் கழற்றும்வரை காத்திருந்தது.

"கோதண்டம் அண்ணே, பிள்ளை காலையிலிருந்து பட்டினி. கொஞ்சம் நிறுத்தினால் மேய்ந்துகொள்ளும்."

"என் தோட்டம், என் மெஷின்," என்றது கடா. "உனக்குக் காது பெரிசா இருந்தா அதுக்கு நானா பொறுப்பு, தங்கச்சி? மடிச்சு வெச்சுக்கோ."

மரகதம் காட்டு அமைதிக் கழகத்தில் புகார் சொன்னது. கழகத்திலிருந்து கொக்கு அதிகாரி சத்தம் அளக்கும் கருவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார். புகார்தாரரின் வாக்குமூலத்தைக் காதால் கேட்ட பிறகுதான் கருவியைத் திருப்ப வேண்டும் என்பது கழகத்தின் விதி. மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் வாக்குமூலம் கேட்கவில்லை. எனவே மெஷினை நிறுத்தச் சொன்னார். கடா மரியாதையாக நிறுத்தியது. மரகதம் சொன்னது முழுவதையும் கொக்கு பொறுமையாகக் கேட்டார். பிறகு கருவியை, நின்றிருந்த மெஷின் பக்கம் திருப்பினார். முள் அசையவில்லை. சத்தமே இல்லையே அம்மா என்று சொல்லிவிட்டுப் பறந்துபோனார்.

மரகதம் விடவில்லை. கழகத்தின் வாசலிலேயே போய் உட்கார்ந்துகொண்டது. கொக்கு மீன் பிடிக்கப் போகும்போதும் பார்த்தது, தின்றுவிட்டு வரும்போதும் பார்த்தது. யாரோ பார்த்துக்கொண்டிருந்தால் கொக்குக்கு மீன் சிக்குவதில்லை. கடைசியில் அவர், நாளுக்கு ஒரு மணி நேரம் அமைதி தருவதாக ஒப்புக்கொண்டு, எந்த நேரம் வேண்டும் என்று கேட்டார். மரகதத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பிள்ளைக்குப் பசி தாங்காத நேரத்தைச் சொன்னது: உச்சிவெயில் நேரம்.

'உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் முழு அமைதி' என்று அத்திமரத்தில் பலகை அடித்தார்கள். காடே வந்து மரகதத்தைப் பாராட்டியது. எல்லாரும் பலகையின் அழகைப் பார்த்தார்கள். அதை நின்று முழுக்கப் படித்த பிராணி ஒன்றே ஒன்றுதான். பரமானந்தம் என்ற நரி.

மறுநாள் உச்சிவெயிலில் மெஷின் நின்றது. மரகதம் காதுகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றது. சில்வண்டு கேட்டது. எங்கோ மரங்கொத்தி கேட்டது. ஒரு சருகுகூட முறியவில்லை. அல்லியைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது.

சருகு முறியாததற்குக் காரணம் இருந்தது. பரமானந்தம் காலையிலேயே, மெஷின் முழு இரைச்சலில் ஓடும்போதே, நடந்துவந்து வேலியோரப் புல் குவியலுக்குப் பின்னால் படுத்துவிட்டது. அது செய்ய வேண்டியிருந்ததெல்லாம் அமைதிக்காகக் காத்திருப்பதுதான். அல்லி தப்பியது. அதன் வாலில் பாதி தப்பவில்லை.

மரகதம் மூச்சிரைக்கக் கழகத்துக்கு ஓடியது. சம்பவ நேரத்தில் சத்தம் இருந்ததா என்று கொக்கு கேட்டார். இல்லை என்றது மரகதம்.

"அப்படியென்றால் ஆணை சரியாக நடக்கிறது," என்றார் கொக்கு. "என் இலாகா சத்தம், அம்மா. பல் வேறு இலாகா."

நேரத்தையாவது மாற்றச் சொன்னது மரகதம். பலகையில் ஆணி அடித்தாகிவிட்டதே என்றார் அவர்.

மரகதம் வேலியருகே ஓடியது. கடா நிழலில் கால் நீட்டிப் படுத்திருந்தது. கழுத்தில், நல்ல அண்டை வீட்டார் என்று கழகம் போட்ட மாலை.

"அண்ணே, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். மத்தியானத்தில் மெஷினை நிறுத்தாதீர்கள்."

கடா எழுந்து உட்கார்ந்தது. "சட்டத்தை மீறச் சொல்றியா, தங்கச்சி? எனக்குன்னு ஒரு பேர் இருக்கு."

பேர் இருந்ததால் அது அந்த ஒரு மணி நேரத்தில் தும்மக்கூட இல்லை. முழுதாக ஓய்வு கிடைத்ததால், மற்ற நேரங்களில் வியர்வை துடைக்கவும் நிறுத்துவதில்லை. முன்பு அமைதி எப்போது வரும் என்று முயலுக்கும் தெரியாது, நரிக்கும் தெரியாது. இப்போது இருவருக்கும் தெரிந்தது.

வளைக்குள் தின்ன ஒரு வேர்கூட மிஞ்சவில்லை. மரகதம் அல்லியை உட்காரவைத்து நிலைமையைச் சொன்னது. அமைதியில் போனால் புல் குவியலுக்குப் பின்னால் நரி படுத்திருக்கும். இரைச்சலில் போனால் நரி வருவது கேட்காது. காதுதான் முயலுக்கு உயிர், யோசித்துச் சொல் என்றது.

அல்லி வளை வாசலில் இருந்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. சுழலும் தகடு கல்லைத் தெறிக்கவிடும் தூரத்துக்குள் பரமானந்தம் வரவே இல்லை. அந்தத் தூரத்துக்குள் புல் வெட்டியே கிடந்தது.

அடுத்த நாள் காலை மெஷின் கிளம்பியதும் அல்லி வேலியைத் தாண்டிப் போய், கடாவின் குளம்பருகே உட்கார்ந்து, இரண்டு காதுகளையும் மடித்து வைத்துக்கொண்டு தின்ன ஆரம்பித்தது. மரகதம் கூப்பிட்டது. அல்லிக்குக் கேட்கவில்லை.

நீதி: பக்கத்து வீட்டு இரைச்சலைப் பற்றித் தாராளமாகப் புகார் கொடுங்கள். அமைதி எத்தனை மணிக்கு வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைத் தெரிந்துகொள்ள ஆவலாக இருப்பவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல.