சகலனைக் கூரையில் ஏற்றிய மடிக்கணினி

சாவகச்சேரியில் என் சகலன் உட்காரும் கதிரையைச் சரியான இடத்தில் போட்டுவிட்டால் ஹனோவரில் என் மடிக்கணினி உறைவது நின்றுவிடும் என்று நான் ஒரு கிழமை முழுக்க நம்பினேன். அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தலையில் அடிபட்டிருக்கவில்லை. குடித்திருக்கவும் இல்லை (குடித்திருந்தால் ஒருவேளை சரியாக யோசித்திருப்பேன்).

சகலன் என்பது நடேசண்ணை, என் மனைவி ராஜியின் அக்கா சாந்தியின் கணவர். அவர்களுடைய ஒரே மகள் துளசி ஹனோவரில் படிக்க வந்தவள். படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, இங்கேயே ஒரு நல்ல பெடியனைப் பார்த்து எல்லாம் பொருந்திவிட்டது. பொருந்தாத ஒன்று விசா. கலியாணத்துக்கு வரத் தாய்க்குக் கிடைத்தது, தகப்பனுக்குக் கிடைக்கவில்லை. வந்தால் திரும்பிப் போவார் என்று நம்ப முடியாதாம். கொழும்பில் இரண்டு இரவு தங்கினாலே தன் கட்டில் இல்லாமல் நித்திரை வரவில்லை என்று மூன்றாம் நாள் விடியற்காலை பஸ் ஏறுகிற மனிதர் அவர்.

துளசி ஒருநாள் என் வீட்டுக்கு வந்து சொன்னாள்: "சித்தப்பா, வேற ஒண்டும் வேண்டாம். தாலி கட்டேக்கை அப்பா பாக்கவேணும். அப்பா பாக்கிறதை நானும் பாக்கவேணும்."

"அதை என்னட்டை விடு," என்றேன்.

என் வாழ்க்கையில் நான் செய்த குளறுபடிகள் எல்லாம் இந்த மூன்று சொற்களில்தான் தொடங்கியிருக்கின்றன.

நான் பொதி பிரிக்கும் களஞ்சியத்தில் காலை வேலைக்காரன். சனி ஞாயிறுகளில் தமிழ்ச் சனத்தின் பிறந்தநாள், பெண்பிள்ளைகள் பெரியபிள்ளையாகும் சாமத்திய வீடு, கலியாணம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, வெட்டி, ஒட்டிக் கொடுப்பேன். என் கலைக்கூடம் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் நிலக்கீழ் அறை, இங்கே கெல்லர் என்பார்கள். ஆகவே இங்கத்தைத் தமிழ்ச் சனத்துக்குள் கணினி நிபுணன் நான்தான். எவனாவது ஒரு பெடியன் என்னைவிட அதிகம் தெரிந்தவன் போல வாயைத் திறந்தால், "நீ சின்னப்பிள்ளை" என்று அடக்கிவிடுவேன்.

திட்டம் இதுதான். மண்டபத்தில் இரண்டு கமெரா. இரண்டின் படமும் என் மடிக்கணினிக்கு வரும். மடிக்கணினி இரண்டையும் கலந்து பதிவு செய்யும், சாவகச்சேரிக்கு அனுப்பும், அங்கிருந்து நடேசண்ணையை இழுத்துவந்து மண்டபத்துப் பெரிய திரையில் காட்டும். இத்தனையும் ஒரே நேரத்தில். வேலை முடிந்து வந்த கையோடு, வழக்கம்போல விடியற்காலையிலிருந்து கெல்லரில் வீடியோ கோத்துக்கொண்டிருந்த மடிக்கணினியில் எல்லா வயரையும் கொளுவி முதல் ஒத்திகை பார்த்தேன். பதினாலாவது நிமிடத்தில் நடேசண்ணை கொட்டாவி விட வாயைத் திறந்தார். அந்த வாய் மூடவில்லை. சுட்டெலி அசையவில்லை. விசைப்பலகை கேட்கவில்லை. உள்ளே விசிறி மட்டும் விமானம் கிளம்புவது போல இரைந்தது.

அணைத்துவிட்டுக் கைபேசியில் அவரை அழைத்தேன்.

"அண்ணை, உங்கட பக்கத்து இன்ரநெற் சரியில்லைப் போலை."

"ஓம் தம்பி, இருக்கும்," என்றார். பஸ் பிந்தி வந்தால் சாரதியிடம் தான் மன்னிப்புக் கேட்கக்கூடிய மனிதர்.

"அறைக்குள்ள இருந்தா வராது. விறாந்தைக்கு வாங்கோ."

அவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தார், மெல்ல மெல்ல. முழங்கால் நோவு. மறுபடி தொடங்கினேன். வேலை செய்தது. பதினேழு நிமிடம். பிறகு உறைந்தது.

நான் உடனே ஒரு கொப்பி எடுத்தேன். அறை: பதினாலு. விறாந்தை: பதினேழு. அடுத்த நாள் கிணற்றடிக்கு அனுப்பினேன். அது தூரம், போய்ச் சேர நேரம் எடுத்தது. பத்தொன்பது. இடம் மாற மாற நிமிடம் ஏறுகிறது. இதைவிட விஞ்ஞான ரீதியான ஆதாரம் யாருக்கு வேண்டும்? (அவர் கதிரையோடு நடந்து போகும் நேரம் முழுக்க என் மடிக்கணினி சும்மா கிடந்து ஆறியது என்பதும், அவர் எவ்வளவு மெதுவாக நடக்கிறாரோ அவ்வளவு நன்றாக ஆறியது என்பதும் கொப்பியில் எழுதப்படவில்லை.)

என் பக்கத்தையும் பார்க்காமல் விடவில்லை. வைரஸ் தேடினேன், இல்லை. வேண்டாத மென்பொருள்களை அழித்தேன், அத்தோடு வேண்டிய இரண்டும் போயின. முகப்பில் இருந்த பிள்ளையார் படம் பெரிதாக இருக்கிறதோ என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சின்னப் பிள்ளையாராக மாற்றினேன். ஒன்றுக்கும் அசையவில்லை. ஆகவே பிழை சாவகச்சேரியில்தான்.

கலியாணத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் கூரையைக் கண்டுபிடித்தேன். நடேசண்ணையின் வீட்டுக் குசினிக்கு மேலே தட்டைக் கூரை, அதில் தண்ணீர்த் தாங்கி. ஏற மர ஏணி.

"அண்ணை, உயரம் கூடினா சிக்னல் கூடும்."

"தம்பி, முழங்கால்..."

"துளசிக்காக."

அது கயமைத்தனம் என்று எனக்கு அப்போதே தெரியும். அவர் ஏறினார். ஏறிமுடிக்க இருபத்தைந்து நிமிடம். ஒத்திகை இருபத்திரண்டு நிமிடம் ஓடியது. கொப்பியில் வட்டம் போட்டேன். தாலி கட்டுக்கு இருபத்திரண்டு நிமிடம் தாராளம்.

ராஜி எட்டிப் பார்த்தாள். "இஞ்சேருங்கோ, அந்த மனிசனை ஏன் வெயிலுக்கை ஏத்துறியள்?"

"உனக்கு விளங்காது. இது நெற்வேர்க்."

கலியாண நாள். நகரத்து ஓரத்தில் ஒரு விளையாட்டுக் கழக மண்டபம். பத்து ஐம்பதுக்குள் தாலி கட்டி முடிய வேண்டும், ஐயருக்குப் பின்னேரம் வேறு நகரத்தில் இன்னொரு கலியாணம். மணவறைக்கு இடப்பக்கம் என் மேசை. பத்து இருபத்தைந்துக்குப் பொத்தானை அமுக்கினேன். மணவறைக்குப் பக்கத்துத் திரையில் நடேசண்ணை ஒரு வீட்டளவுக்குத் தோன்றினார். அங்கே உச்சி தாண்டிய வெயில். தாங்கிக் குழாயில் குடையைக் கட்டி, அதன் கீழே பட்டு வேட்டி, சட்டை, சால்வையோடு அமர்ந்திருந்தார். மடியில் தட்டு, தட்டில் அறுகரிசி. தாலி கட்டியதும் பெற்றோர்தான் முதலில் மணமக்கள் தலையில் அறுகரிசி போடுவது. தான் அங்கிருந்தே திரையைப் பார்த்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார். முன்னூறு பேரும் கை தட்டினார்கள். துளசி நிமிர்ந்து பார்த்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர். மையைக் கெடுக்காமல் சாந்தியக்கா ஒற்றினார்.

நான் கதிரையில் சாய்ந்து கொண்டேன். முன்வரிசையில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையோடு தலையை ஆட்டினேன்.

பத்து நாற்பதுக்கு என் பக்கமாக நல்ல கறி மணம் வந்தது. இரண்டு மூன்று பேர் குசினிக் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் பசித்தது. விசிறி இரையத் தொடங்கியது. நான் அதன் மேல் கையை வைத்துத் தடவிக் கொடுத்தேன், மாட்டைத் தடவுவது போல.

பத்து நாற்பத்திரண்டு. நடேசண்ணை நெற்றி வியர்வையைத் துடைக்கக் கையை உயர்த்தினார். கை அங்கேயே நின்றது.

கொப்பியின் கணக்குப்படி இன்னும் ஐந்து நிமிடம் மிச்சம். கணக்கை அது மதிக்கவில்லை. எலியை ஆட்டினேன். மூன்று விரலால் மூன்று விசையை அமுக்கினேன். பிறகு பத்து விரலால் கையில் கிடைத்ததையெல்லாம் அமுக்கினேன். துளசி திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் பெருவிரலை உயர்த்திக் காட்டினேன்.

அந்த நேரம் சாந்தியக்கா மணவறையிலிருந்து இறங்கி ஓடிவந்தார், கையில் தன் கைபேசி. "தம்பி, இவர் எனக்கு எடுத்திட்டார். வடிவாத் தெரியுது, பாருங்கோ."

கைபேசியில் நடேசண்ணை பளிச்சென்று இருந்தார். குடையின் கம்பியைக்கூட எண்ணலாம். ஒரு சாதாரண மூளை என்ன செய்யும்? அந்தக் கைபேசியை அப்படியே சாந்தியக்காவிடம் கொடுத்து மணவறைக்கு அனுப்பும். நான் நிபுணன். கைபேசியைப் பிடுங்கினேன்.

"அண்ணை, உங்கட நெற் சரியில்லை."

"எனக்கு உங்களை வடிவாத் தெரியுது தம்பி. கேக்குது."

"இல்லை அண்ணை, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. கூரை சரிவரேல்லை. இறங்கிக் கிணத்தடிக்குப் போங்கோ."

"இப்பவோ? மேளக்காரர் ஆயத்தமாகினம் போலையல்லோ."

"நேரமில்லை அண்ணை. இறங்குங்கோ."

அவர் மடியிலிருந்த தட்டைப் பார்த்தார். பிறகு, "சரி தம்பி," என்றார். தட்டில் இருந்த அறுகரிசியை வேட்டித் தலைப்பில் கொட்டி மடியில் செருகினார். கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். படம் இருண்டது.

ராஜி பின்னால் வந்து நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, மூக்கை உறிஞ்சினாள்.

"இது சாப்பாடு இல்லை," என்றாள். "இது என்ர தூள்."

"என்ன தூள்?"

"என்ர மிளகாய்த்தூள். வறுபட்ட மணம்." குனிந்து மடிக்கணினியைத் தொட்டவள் கையை உதறினாள். "ஐயோ, தோசைக்கல்லு மாதிரி. இது மூச்சு விடேலாமல் கிடக்கு."

விளக்கம் வேண்டுபவர்களுக்கு: யாழ்ப்பாணத்துக்காரி ஒருத்தி ஜேர்மனியில் கடைத்தூள் வாங்க மாட்டாள். மிளகாயும் மல்லியும் தானே வறுத்து அரைப்பாள். வீட்டில் வறுத்தால் புகை எச்சரிக்கைக் கருவி கத்தும், மேல்மாடி அம்மா தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவார். ஆகவே ராஜி மின்னடுப்பையும் அரைக்கும் மெஷினையும் கெல்லருக்குக் கொண்டுபோய் அங்கே வறுப்பாள், அரைப்பாள், அரிப்பாள். பக்கத்து மேசையில் நான் சாமத்திய வீடு வெட்டிக்கொண்டிருப்பேன், அல்லது மடிக்கணினியை வீடியோ கோக்க விட்டுவிட்டுத் தும்மியபடி மேலே ஓடிவிடுவேன். இரண்டு வருடமாக அதன் விசிறி எங்கள் தூளைத்தான் சுவாசித்திருக்கிறது. பாரமான வேலை கொடுத்தால் சூடேறும். சூடு வெளியேற வழியில்லை. உறையும். ஆறினால் ஓடும். இதில் சாவகச்சேரிக்கு ஒரு பங்கும் இல்லை.

"நெற் சரியில்லையெண்டா," ராஜி கேட்டாள், "உங்கட கையில இருக்கிற போனில அத்தான் எப்பிடிக் கதைச்சவர்?"

நான் கைபேசியைப் பார்த்தேன். உள்ளேயிருந்து மூச்சு வாங்கும் சத்தமும் மரம் கிறீச்சிடும் சத்தமும் வந்தன.

"அண்ணை," என்று கத்தினேன், "ஏறுங்கோ. திரும்ப ஏறுங்கோ."

சட்டைப்பைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏறவோ தம்பி, இறங்கவோ? ஒண்டைச் சொல்லுங்கோ, முழங்கால் நடுங்குது."

ராஜி அதற்குள் மண்டப அலங்காரக்காரரின் பலூன் ஊதும் மெஷினை இழுத்து வந்து, மடிக்கணினியைக் கட்டாயமாக அணைத்து, அதன் பக்கத்துத் துவாரத்தில் குழாயை வைத்து ஊதினாள். மறுபக்கத்தால் ஒரு சிவந்த மேகம் வந்தது. அது நிதானமாக, யாருக்கும் அவசரமில்லாதது போல, மணவறைப் பக்கம் நகர்ந்தது. முதலில் முன்வரிசை தும்மியது. பிறகு மாப்பிள்ளையின் தகப்பனார். பிறகு தவில்காரர், தாளம் தப்பாமல். நல்ல நேரத்தில் ஒரு தும்மலே சகுனப் பிழை என்பார்கள். நான் அறுபது வரை எண்ணினேன். ஐயர் சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து நாற்பத்தொன்பது.

"மேளம்," என்றார்.

மடிக்கணினியின் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. மேளம் முழங்கியது. மாப்பிள்ளை கண்ணீர் வழிய மூன்று முடிச்சுப் போட்டார். நான் செய்யக்கூடியதாக இருந்தது ஒன்றுதான். கைபேசியை மேளத்தின் பக்கம் நீட்டிப் பிடித்தேன். துளசி இருண்ட பெரிய திரையைப் பார்த்தபடி தலை குனிந்தாள்.

இரண்டு நிமிடம் கழித்து மடிக்கணினி எழும்பியது. அன்று பின்னேரம் வரை ஆறு மணித்தியாலம் ஒரு தடவைகூட உறையவில்லை. ஐஸ்கிறீம் வரிசையைக் குறையில்லாமல் பதிவு செய்தது.

துளசி என்னோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. பிறகு கலியாண அல்பம் வந்தது. அதில் எல்லோரும் அழுகிறார்கள், ஐயர் உட்பட. அதைப் பார்த்துச் சிரித்தவள் எனக்கு ஒரு தண்டனை போட்டாள். எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாணம் நடந்தாலும், பந்தியில் எழுந்து நின்று சாவகச்சேரிச் செல்லத்துரையருக்கு முதல் வாழ்த்துச் சொல்லவேண்டியது நான்தான். மாப்பிள்ளை வீட்டார் அது யார் என்று கேட்பார்கள். விளக்கமும் நான்தான் கொடுக்க வேண்டும். இதுவரை நான்கு கலியாணம், நான்கு விளக்கம்.

விளக்கம் இதுதான். தன் ஒரே மகளின் கழுத்தில் தாலி ஏறியபோது நடேசண்ணை ஏணியின் நான்காவது படியில் நின்றார். ஒரு கை ஏணியில், ஒரு கை வேட்டியில். சட்டைப்பைக்குள்ளே மேளம் கேட்டது. அவர் வேட்டியை விட்டுவிட்டு, மடியிலிருந்து அறுகரிசியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு போட்டார். அது கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற அயல்வீட்டுச் செல்லத்துரையரின் தலையில் விழுந்தது.