மேற்கு ஜன்னலுக்கு எதிரே ஒரு நாற்காலி

எங்கள் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் பார்ப்பது நிறத்தைத்தான். மற்ற பேச்செல்லாம் கேசரி வரும்வரை பொழுது போவதற்கு. இது தெரிந்தும் நான் இயற்பியலை நம்பினேன்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் விருதுநகரில் பி.எஸ்சி. முடித்திருந்தேன். கறுப்பு நிறம். (அம்மா பாஷையில் 'மாநிறம்'.) மாப்பிள்ளை விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மேனேஜர். அவர்கள் வரும் சாயங்காலம் அம்மா என் முகத்துக்குப் பவுடரால் வெள்ளையடித்து, டியூப்லைட்டுக்குக் கீழே நாற்காலி போட்டாள்.

"மேலயிருந்து வர்ற வெளிச்சம் முகத்துல சாஞ்சு விழும்மா. சாஞ்சா பரவி மங்கிரும். நேரா விழுந்தாத்தான் பளிச்னு தெரியும்" என்று நாற்காலியை மேற்கு ஜன்னலுக்கு எதிரே போட்டேன்.

"படிச்ச பிள்ள சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்றார் அப்பா.

வந்தவர்கள் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். இறங்கு வெயில் அவர்கள் தலைக்கு மேலாக வந்து நேரே என் முகத்தில் அடித்தது. பளிச்சென்றுதான் இருந்திருப்பேன். எனக்குத்தான் எதிரே நாலு நிழல்கள் தவிர எதுவும் தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒரு நிழலைப் பார்த்து வெட்கப்பட்டேன். (அது மாப்பிள்ளையின் சித்தப்பா.) கண்ணீர் கொட்டி, பவுடரில் இரண்டு வாய்க்கால் ஓடியது.

"பொண்ணு ஏன் அளுகுது? இஷ்டமில்லையாக்கும்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அழலைங்க, வெயிலு..."

"அப்ப இங்கன வா தாயி" என்று கையைப் பிடித்து ஜன்னலை ஒட்டிய சுவரோரம் நிறுத்தினார். வெளிச்சம் கன்னத்தில் சாய்ந்து விழுந்தது. பாடத்தில் படித்தபடியே என் முகம் மங்கியது.

"போட்டோவுல வேற நிறமால்ல தெரிஞ்சுச்சு?"

அம்மா அவசரமாகக் கேசரித் தட்டை நீட்டினாள். கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாள் தரகர் வந்தார். "அண்ணாச்சி, பொண்ணுக்குக் கண்ணுல ஏதோ கோளாறுன்னு சொல்லுறாக."

அப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கறுப்பு என்றே சொல்லித் தொலைத்திருக்கலாம். கண் கோளாறு பஜார் முழுக்கப் பரவியது. வருவதாக இருந்தவர்களும் வரவில்லை.

வெகுநாள் கழித்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் மாமா எங்கள் வீட்டு ஆணியிலிருந்து காலண்டரைக் கழற்றி, எதிர்ச்சுவரோரம் போய் நின்று தூக்கிப் பிடித்தார். "வாசி தாயி."

ராகு காலம், எமகண்டம், அடியில் பொடி எழுத்தில் இருந்த சிவகாசி அச்சகத்தின் பெயர்வரை வாசித்தேன்.

"கண்ணு நல்லாத்தேன் இருக்கு" என்று அறிவித்தார். கல்யாணம் முடிவானது.

இன்றும் புதுக் காலண்டர் வந்தால் என் நாத்தனார் அதைத் தூக்கிப் பிடித்து, "வாசிங்க அண்ணி" என்பாள். வீடே சிரிக்கும். கண்ணாடியைக் கழற்றினால் வாசல் எது, சுவர் எது என்று தெரியாத என் கணவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பார்.